ஒட்டுப்பால்

பத்தொன்பது பெட்டிகள்.
மேலே வாழைத்தார், அடியில் கிளிகள்.
லிம்பேவுக்கு வரும் சாலையில், மழைத்தடுப்பில் நின்ற லாரியை
வனக்காவலர்கள் திறந்தபோது
ஒரு சத்தமும் இல்லையாம்.
"கத்தித் தீர்ந்தபிறகு அப்படித்தான் இருக்கும்," என்றார் மெசும்பே.
எட்டு வருஷம் கிளி பிடித்தவர்.
இப்போது எங்களிடம் கூண்டு கழுவுகிறார்.

பேரேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.
பக்கத்துப் பத்தியில், உயிரோடு இருப்பவை: நூற்று முப்பது.
கழித்து வந்ததைக் காலையிலேயே புதைத்தோம்
எரிமலை மண்ணில், சுண்ணாம்பு தூவி.
சாம்பல் உடல்கள் சீக்கிரம் மறைந்தன.
வாலின் சிவப்பு மட்டும்
கடைசி மண்வெட்டிவரை தெரிந்தது.

மிஞ்சியவற்றின் மார்பெல்லாம் ஒட்டுப்பால்.
காட்டுமரத்துப் பாலைக் காய்ச்சிக் கொம்பில் தடவி,
பழக்கிய கிளி ஒன்றை அங்கே கட்டிக் கூவவிட்டால்
மொத்தக் கூட்டமும் இறங்கிவிடுமாம்
துணைக்கு.
நான் சோப்பைக் கரைத்தேன்.
"அது வேண்டாம், எபோசி. செம்பனை எண்ணெய் கொண்டுவா.
வெதுவெதுப்பாக. இறகின் போக்கிலேயே தேய்."
கால்நடைக் கல்லூரியில் இதற்குப் பாடம் இல்லை.
முழங்கைவரை சிவந்து
ஒரு வாரம் தேய்த்தோம்.

பிறகு சிறகுகள்.
தப்பாமல் இருக்கக் கத்தரியால் நறுக்கியிருந்தார்கள்.
வெட்டுண்ட தண்டு தானாய் உதிர
ஒரு வருஷமாகலாம், இரண்டும் ஆகலாம்.
மயக்கம் கொடுத்து வேரோடு பிடுங்கினால்
சில மாதத்தில் புதிது வரும்.
பிடுங்கினேன்.
மெசும்பே விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இது எப்பியே வெட்டியது.
இடக்கைக்காரன். சாய்த்துத்தான் வெட்டுவான்."
அடுத்த கிளி. "இதுவும் அவன்தான்."
அதற்கடுத்த கிளிக்கு ஒன்றும் சொல்லவில்லை.
தண்டுகள் நேராக, ஒரே வரிசையில்,
ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் ஒரு சின்னப் பிசிறு.
விளக்கு ஆடியது.
"என் கத்தரி. நுனியில் பல் உடைந்தது."
நீர்தான் விட்டு மூன்று வருஷமாயிற்றே என்றேன்.
"தொழிலை விட்டேன்.
கத்தரியை எறியவில்லையே.
விற்றேன்."

கிளிப்பிள்ளை என்றால் சொன்னதைச் சொல்லும் என்பார்கள்.
இவை யார் சொன்னதையும் சொல்லவில்லை.
விடிகாலையில் மட்டும்
ஆணி அடிக்கும் ஓசையை எழுப்பும் ஒன்று:
டொக், டொக். இடைவெளி. டொக்.
பெட்டிக்குள்ளிருந்து கேட்டால்
அப்படித்தான் கேட்டிருக்கும்.
அதன் வளையம் நாற்பத்தேழு.

முதலில் சிறகு வந்ததும் அதற்குத்தான்.
நீளக்கூண்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு
மூச்சிரைக்காமல் பதினாறு தடவை.
எழுதிவைத்திருக்கிறேன்.
அதே வாரம் ரத்தப் பரிசோதனை வந்தது.
அலகையும் இறகையும் அரிக்கும் வைரஸ்;
இப்போதைக்கு நோயில்லை, சுமக்கிறது.
வெளியே விட்டால், அது நுழையும் மரப்பொந்தில்
அதன் இறகுத்தூள் தங்கும்.
அடுத்த பருவத்துக் குஞ்சுக்கு அதுவே போதும்.

ஊசியா, ஆயுள் முழுக்கத் தனிக்கூண்டா
என்று கேட்டு ஒரு தாள் வந்திருக்கிறது.
என் மேஜையில்தான் இருக்கிறது.
அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்திருக்கிறேன்.

நோயற்ற தொண்ணூற்றொன்றை
ஞாயிற்றுக்கிழமை காட்டோரத்தில் திறந்துவிட்டோம்.
பாதி, கதவு திறந்ததே தெரியாமல் உட்கார்ந்திருந்தன.
சில கூரையில் ஏறி எங்கள் பழக்கூடையையே பார்த்தன.
பதினொரு மணிக்கு எங்கோ தூரத்தில்
ஒரு காட்டுக்கூட்டம் கூப்பிட்டது.
மெசும்பே சட்டென்று சுற்றிலும் கொம்புகளைப் பார்த்தார்,
ஒவ்வொன்றாக, வெகுநேரம்.
அதற்குள் கூரை காலி.

திரும்பி வந்து தனிக்கொட்டிலைக் கூட்டினோம்.
நாற்பத்தேழு ஒரு வாலிறகு உதிர்த்திருந்தது.
முழுசாக, நல்ல சிவப்பு.
சந்தையில் அதற்கு என்ன விலை என்பது
அவருக்குத் தெரிந்ததுபோல் எனக்குத் தெரியாது.
இடுக்கியால் எடுத்தார்.
வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பினார்.
தீப்பீப்பாயில் போட்டார்.
தலைமுடி கருகும் வாசனை.

கையைக் கழுவினார்.
மறுபடியும் கழுவினார்.
உள்ளே, டொக், டொக்.